பொய் என்ற சொல்லுக்கு ஓராண்டுத் தடை

தேக்கா உணவங்காடியில் நேற்று மீ கோரேங்குக்காகக் காத்திருந்தபோது தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டுச் சட்டமன்றத்தைக் காட்டினார்கள். ஓர் உறுப்பினரைக் காவலர்கள் வெளியே கொண்டுபோகிறார்கள். அமைச்சரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டாராம். அமைச்சர் சொன்னது பொய்யா இல்லையா என்பதைச் செய்தி வாசித்தவர் சொல்லவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே பசை வாசனையும் வந்தது.

சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில். செங்கோல் வேண்டுமே! துணி சுற்றி வந்த அட்டைக் குழாயில் தங்க நிறத் தாளை ஒட்டினோம். அதைத் தூக்கும் அவைக் காவலர் அடியேன். ஒல்லிக்குச்சியான என்னைப் பார்த்து யார் பயந்தார்கள் என்று கேட்காதீர்கள். உயரமாக இருந்தேன், அதுதான் தகுதி.

எதிர்க்கட்சி வரிசையில் ஸ்டெல்லா அக்கா. குவீன்ஸ்டவுன்காரர், மருத்துவமனைத் தாதி. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயக் குழுவோடு கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளுக்குப் போய் அவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பவர். ஊழியர்களை லாரியில் ஏற்றக் கூடாது, பேருந்து விட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொடுத்திருந்தார். விளையாட்டுத் தீர்மானம்தானே என்று நினைக்காதீர்கள். நிறைவேறியதை எங்கள் தொகுதியின் நிஜ நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம்.

அது விவாதத்துக்கு வருவதற்கு முந்தைய வாரம், போக்குவரத்து அமைச்சராக இருந்த ராகவன் எழுந்தார். நிஜத்தில் வங்கி அதிகாரி. "நானே கிராஞ்சிக்குப் போய்க் கேட்டேன். லாரியில் காற்றோட்டமாகப் போவதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்றார்.

"அவர் அங்க போனதே இல்ல. இது பொய்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

சபாநாயகர் ஓய்வுபெற்ற ஆசிரியர். விதிகளைப் புரட்டினார். "அந்த வார்த்தைய வித்ட்ரா பண்ணிடுங்கம்மா. மன்ற மரபு."

"மொதல்ல அவர் சொன்னத வித்ட்ரா பண்ணச் சொல்லுங்க சார்."

இடைவேளையில் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டு ராகவன் சிரித்தார். "கிராஞ்சியா? பஸ்ஸே ஒழுங்கா கிடையாது, அங்க யாரு போவா? சும்மா பாயிண்டுக்குச் சொன்னேன் லா." சபாநாயகர் பக்கத்தில்தான் நின்றார். அவரும் சிரித்தார்.

பிறகு ராகவன் கொடுத்த புகாரை விசாரிக்க உரிமைக் குழு கூடியது. மூன்று பேரில் ஒருவர் ராகவன்! குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே நிற்க வேண்டும். குற்றம் சாட்டியவர் உள்ளே உட்கார்ந்து கை தூக்கலாம். என்ன அழகான விதி! அவர் கிராஞ்சிக்குப் போனாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா அந்தச் சொல்லைச் சொன்னாரா என்று மட்டும் கேட்டார்கள். ஓராண்டு இடைநீக்கம். கொடுத்தவர் அவையில் இல்லாததால் தீர்மானமும் தானாகவே காலாவதி.

செங்கோலைத் தூக்கிக்கொண்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டது நான்தான். பிரிந்து தொங்கிய தங்கத் தாளை அவர் விரலால் அழுத்தி ஒட்டினார். "பசை பத்தல தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். திரும்பி வரவே இல்லை.

மன்றமும் கொஞ்ச நாளில் கலைந்தது. மாடியில் இப்போது அழகு நிலையம். அட்டைச் செங்கோல் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

இன்று காலை புக்கிட் மேராவில் சிவப்பு விளக்குக்குப் பேருந்து நின்றது. பக்கத்தில் ஒரு லாரி. பின்னால் ஊழியர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "காத்தோட்டமா போறாங்க. அவங்களுக்கு இதான் பிடிக்கும்."

பேருந்து நிறைய ஆட்கள் இருந்தோம். ஸ்டெல்லா அக்கா இல்லை.