தட்டுச் சத்தம்

வன்னியம்பட்டி அருகே ஒரு நாய்ப்பண்ணையில் நிற்கிறோம். கணவரின் ஃப்ளைபால் அணிக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வேண்டும். தடைகளைத் தாண்டி ஓடிப் பந்தைக் கவ்வி வரும் அந்தப் பந்தயத்துக்கு, கூப்பிட்டதும் திரும்பும் நாய்தான் சரிப்படும்.

பண்ணைக்காரர் குட்டிகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டுகிறார். எல்லாக் குட்டிகளும் திடுக்கிட்டுத் திரும்புகின்றன. ஒன்று மட்டும் மண்ணை முகர்ந்துகொண்டே இருக்கிறது.

“இது செவிடும்மா. வெள்ளையில அப்பப்ப இப்படி விழும். பந்தயத்துக்கு ஆவாது.”

என் இடுப்பிலிருக்கும் பத்து மாத மகனும் திரும்பவில்லை. என் தாலிச் சரடை உருட்டிக்கொண்டிருக்கிறான். விளையாட்டு மும்முரத்தில் இருப்பான். வீட்டில் குக்கர் விசிலுக்கும் இப்படித்தானே இருந்தான்?

“அண்ணாச்சி, இன்னொரு தடவை தட்டுங்க.”

“எம்புட்டுத் தட்டினாலும் அது திரும்பாதும்மா, தட்டுதான் நெளியும்.”

சிரித்தபடி கரண்டியை ஓங்குகிறார். நான் மகனின் முகத்தையே பார்க்கிறேன்.