நாலு கதவுக்கு ஒரு கைபிடி

கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதன் வயிற்றுக்குள் மணல் ஓடும் சத்தம் கேட்கும். சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் கழிந்த பின்னும், அப்பாவின் பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரின் கதவுகளுக்குள் செட்டிபாளையத்துக் கடற்கரை கொஞ்சம் மிச்சமிருந்தது. அலை அந்தக் காரைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு தென்னைகளுக்கிடையில் செருகிவிட்டுப் போயிருந்தது. அப்பா எஞ்சினைக் கழற்றிக் கழுவினார், சீட்டுகளை வெயிலில் காயப்போட்டார், மறுபடியும் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடத் தொடங்கினார். கதவுகளின் உட்பக்கத்தை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. உப்பு அங்கேயிருந்து அவசரமில்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

கார்க் கண்ணாடியை நாங்கள் "ஷட்டர்" என்போம். அதை ஏற்றி இறக்கும் கைபிடிகளில் மூன்று கடலோடு போய்விட்டன. மிஞ்சிய ஒன்றும் அதைப் பிடித்திருந்த ஆணி இல்லாமல், இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆகவே நாலு கதவுக்கும் அந்த ஒரு கைபிடிதான். ஆமியின் செக்பொயின்ட் கண்ணில் பட்டதும் அப்பா, "ஷட்டரக் கிறுக்கு மகள்!" என்பார். கைபிடியைப் பத்துச் சுற்றுக் கிறுக்கினால் ஒரு கண்ணாடி இறங்கும். முன்னால் இருப்பவர் தன் பக்கத்தை இறக்கி, கைபிடியைப் பிடுங்கிப் பின்னால் நீட்டுவார். நான் பின்சீட்டில் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் தவழ்ந்து இரண்டையும் இறக்கி அப்பாவிடம் கொடுப்பேன். கடைசியாக அவர் தன்னுடையதை இறக்குவார். சென்றியில் காவல் நிற்பவனுக்கு நாலு கண்ணாடியும் இறங்கியிருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்களின் கைகள் தெரிய வேண்டும். சண்டை மூண்டிருந்த அந்த நாட்களில் மூடிய கண்ணாடியோடு போய் நிற்பது உயிரோடு விளையாடுவது. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வேலையில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் அப்பாவின் பக்கத்துக் கண்ணாடி பாதியில் இறுகிவிட்டது. அம்மா நிறைமாதமாக இருந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதற்குள் கதவுகளைச் சரிபார்த்துவிட அப்பா டெறிக் மாமாவைக் கூட்டிவந்தார். மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரம் கராஜ் வைத்திருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் அவர். அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கதவின் உட்தட்டியைக் கழற்றியதும் மணல் கொட்டுண்டது.

"என்ன மென், கடல் உன்ட காருக்குள்ள குடியிருந்திட்டு வாடகையும் தராமப் போயிருக்கு" என்றார்.

கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கையின் நுனியிலிருந்த சின்ன உருளை பொடிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக மீன்வலை மிதவை ஒன்றில் துண்டு வெட்டிச் செருகினார். கைபிடி பொருந்தும் தண்டின் பற்கள் தேய்ந்து வழுக்கியதால், அதில் செப்புக்கம்பியை நெருக்கமாகச் சுற்றினார். நாலு கதவுக்கும் கிறீஸ் போட்டார். பின்னேரம் மழை தூறத் தொடங்க, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, அந்தக் கைபிடியையும் சாம்பல் போட்டு மினுக்கி, முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் வைத்ததை நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

மறுநாள் காலை அது அந்தச் சீட்டில் வெள்ளிபோல மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வேறு காரணம் எதுவுமில்லை, பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்ட ஆசை, அவ்வளவுதான். வந்து பையைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சோறு தின்றேன். அந்த நினைப்பே இல்லை.

அம்மாவுக்கு வலி அன்று பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. அப்பா அவளைப் பின்சீட்டில் ஏற்றினார், நான் முன்னால் ஏறினேன். ஒழுங்கை கடந்து பெரிய ரோட்டில் ஏறியபோது அப்பாவின் கை முன்னாலிருந்த தட்டைத் துழாவியது.

"கைபிடி எங்க? சீட்டுக்குக் கீழ பாரு மகள்."

அப்போதுதான் கட்டிலில் எறிந்த பை எனக்கு நினைவுக்கு வந்தது. வீடு அரை மைல்கூட இல்லை. "என்ட பைக்குள்ள கிடக்கு அப்பா" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். நான் குனிந்து சீட்டுக்கடியில் தேடினேன். இல்லாத ஒன்றை, இல்லையென்று தெரிந்தே, கையை நன்றாக உள்ளே விட்டுத் தேடினேன். அடிவிழும் என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது.

"இல்லப்பா."

"டெறிக் தன்ட பையோட கொண்டுபோயிட்டான். அவன்ட மறதி தெரிஞ்சதுதானே."

"கெதியாப் போங்க, ஏலாம இருக்கு" என்று அம்மா பின்னாலிருந்து முனகினாள்.

அப்பா குறடொன்றைத் தேடி எடுத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுகையால் தன் பக்கத்துத் தண்டைத் திருகினார். செப்புக்கம்பியில் குறடு வழுக்கியது. நாலு விரற்கடை இறங்கியது, அதற்கு மேல் இல்லை. பாலத்தடிச் செக்பொயின்ட் தெரிந்தது. அப்போதும் அவர் திருகிக்கொண்டுதான் இருந்தார். சென்றியில் நின்றவன் கண்டது இதைத்தான்: நாலு கண்ணாடியும் மூடிய ஒரு கார், அதற்குள் ஒரு பக்கமாகக் குனிந்து, கைக்குள் எதையோ வைத்துக்கொண்டு வரும் ஒரு மனிதன்.

"நவத்தன்ன!" நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான்.

துவக்குக் குழல்கள் எங்களை நோக்கித் திரும்பின. அப்பா விளங்கப்படுத்த வேண்டுமென்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், குறடு கையிலேயே இருந்தது. இரண்டு பேர் அவரைத் தாரில் முழங்காலில் இருத்திக் கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். "கண்ணாடி ஏன் மூடி? ஏன் மூடி?" என்று ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டான். கதவின் உட்தட்டியில் புதுக் கீறல்கள் தெரிந்தன, புதிதாகக் கழற்றிப் பூட்டிய திருகாணிகளும் தெரிந்தன. கதவுக்குள் எதை ஒளித்தாய் என்பது அடுத்த கேள்வி. "ஷட்டர் செஞ்சது சேர், ஷட்டர்" என்ற அப்பாவின் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. காருக்குள் வெக்கையில் அம்மா அலறினாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை, திறந்திருந்தாலும் அங்கே யாருக்கு விளங்கியிருக்கும்?

வயதான ஆமிக்காரர் ஒருவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, வந்த ஓட்டோ ஒன்றை மறித்து எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் ஓட்டோவின் பின்பக்கத்தால் பார்த்தேன். அப்பா அதே இடத்தில் முழங்காலில் இருந்தார்.

தம்பி அன்று பின்னேரமே பிறந்தான். அப்பா மூன்றாம் நாள்தான் வந்தார். கதவுகள் நாலையும் பிரித்து மணலைத்தான் கண்டார்களாம். அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. தம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டெறிக் மறந்த மறதி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை டெறிக் மாமா ஒரு கேக் பெட்டியோடு பிள்ளை பார்க்க வந்தார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"உன்ட மறதிக்கு நான் ரோட்டுல முழங்காலில நிண்டன்."

"சத்தியமா மென், சீட்டுல வெச்சிட்டுத்தான் போனன். என்ட பிள்ளைகளாண."

"போ டெறிக்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கைபிடியை அதற்கு முதல்நாளே வாவியில் எறிந்துவிட்டிருந்தேன். முதலில் அடிக்குப் பயந்து மறைத்தேன். இப்போது அந்த மூன்று நாட்களும் என் தலையில் விழுந்துவிடுமென்று மறைத்தேன். டெறிக் மாமா கேக் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசவேயில்லை. அப்பா காரை விற்றார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் டெறிக் மாமா மகளோடு அவுஸ்திரேலியா போனார்.

இப்போது நான் ஓட்டும் காருக்கு "பவர் ஷட்டர்". தம்பி அதில் சும்மா விரலால் அமத்தி விளையாடுவான். செக்பொயின்ட் இருந்த இடத்தில் இளநீர் குவித்து விற்கிறார்கள், கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. யாரும் எவருக்கும் கண்ணாடி இறக்குவதில்லை. போன வருடம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகையில், அந்த இளநீர்க் குவியலைக் கடக்கும்போது என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பையை, சீட்டுக்கடியில் தேடியதை, வாவியில் எறிந்ததை.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா ஒரு அடி அடிச்சிருப்பன் புள்ள. அதோட முடிஞ்சிருக்கும்."

டெறிக் மாமா இறந்து அப்போது நாலு வருடமாகியிருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.