குப்பைக்குப் போகவிருந்த துடிப்பு

வார்டில் அவளுக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். ஆராய்ச்சிக்கூடத்தில் ‘விருந்தாளி’. குழந்தைகளுக்கான இதய மருத்துவத்தில் மேற்பயிற்சி ஒரு பக்கம், முனைவர் பட்ட ஆராய்ச்சி இன்னொரு பக்கம் என்று வாரத்தை இரண்டாகக் கிழித்து வைத்திருந்தால் யார்தான் முழுசாக மதிப்பார்கள்? ஆராய்ச்சி நாளில் வார்டிலிருந்து போன் வரும். வார்டு நாளில், வளர்க்கும் செல்களுக்குத் தீனி மாற்றச் சொல்லி யாரையாவது கெஞ்ச வேண்டும். பஸ் ஓட்டும் கணவர் மட்டும் கணக்கில் தெளிவாக இருந்தார்.

“உனக்கு ரெண்டு வேலை. எனக்கு மூணு. பஸ், பொண்ணு, நீ.”

சொல்லிவிட்டு மகளுக்குத் தலை பின்னப் போய்விடுவார். தங்கமான மனிதர். பின்னல்தான் கோணலாக இருக்கும்.

வார்டின் தலைமை மருத்துவருக்கு இந்த இரட்டைச் சவாரி அறவே பிடிக்கவில்லை. அவளை நல்ல டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டவர், அதனால்தான் அத்தனை கோபம். மாதக் கடைசிக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். விடுவதென்றால் ஆராய்ச்சியைத்தான் விட வேண்டும். இத்தனை நாள் மாரடித்ததற்கு அதில் காட்ட ஒன்றுமில்லை. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

அப்படி என்ன ஆராய்ச்சி என்றால், சொன்னால் நம்பமாட்டீர்கள். வார்டில் ஒரு சிறுமி இருந்தாள். எல்லோருக்கும் அவள் வாயாடி. ஓடினால் மயங்கி விழுவாள், வழக்கமான மருந்து கேட்கவில்லை. அந்த வாயாடியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பக்குவம் பார்த்து, இதயத் தசையாக மாற்ற வேண்டும். வெறும் ரத்தமாக இருந்தது, ஒருநாள் கண்ணாடித் தட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே துடிக்கத் தொடங்கும். அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவள்தான் அவள். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்துப் போகும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும் என்றபோது கணவர் கையை நீட்டினார். அவருடைய செல்கள் அவர் ஓட்டும் பஸ்ஸைப் போலவே நேரம் தவறாமல் துடித்தன.

வாயாடியின் தட்டுகள்தான் படுத்தின. ஓடும்போது உடம்பில் ஊறும் பொருளை ஒரு சொட்டு விட்டதுமே துடிப்பு தாறுமாறாகிவிடும். தாறுமாறானால் வளர்ப்பில் கோளாறு, கொட்டிவிட வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். அவளுக்கு வார்டு வேலை இருக்கும் நாளில், கூடத்தில் உடன் ஆராய்ச்சி செய்யும் கூட்டாளிதான் சோதித்துக் கொட்டுவார். செல் வளர்ப்பில் புலி அவர். ஆனால் ஒரு குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டதில்லை.

மாதக் கடைசி நெருங்கியிருந்த ஒருநாள் காலை, வாயாடி தடையை மீறி வராந்தாவில் பந்தைத் துரத்தி, பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அரை டாக்டர் ஓடிப்போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, பிறகு ஒரு வெற்றிடம். மறுபடி இரண்டு, மறுபடி வெற்றிடம். சிறுமி தேறும் வரை கூடவே இருந்துவிட்டு மத்தியானம் கூடத்துக்குப் போனால், கூட்டாளி ஒரு தட்டோடு குப்பைத் தொட்டியருகே நின்றார். இதுவும் கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிடவா என்று கேட்டார். ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

இரண்டு துடிப்பு. வெற்றிடம். இரண்டு துடிப்பு. வெற்றிடம்.

கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இது கெட்டுப்போகல. இது வாயாடி.”

இதுவரை கொட்டியதெல்லாம் கோளாறல்ல, வாயாடியின் நோயேதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு தட்டில் வழக்கமான மருந்தை விட்டாள். மாற்றமில்லை. பெரியவர்களுக்குக் கொடுக்கும் வேறொரு மருந்தை இன்னொரு தட்டில் விட்டுக் காத்திருந்தாள். வெற்றிடம் சுருங்கியது, பிறகு காணாமலே போனது. தலைமை மருத்துவருக்குப் போன் செய்தாள். அந்தக் கட்டிடத்துப் படியை மிதித்திராத மனிதர் மேலங்கியோடு வந்து குனிந்து பார்த்தார். புதுத் தட்டில் இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். நிமிர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“மாசக் கடைசின்னு ஒண்ணு சொன்னேன்ல, அதை மறந்துடுங்கம்மா.”

தட்டில் பலித்ததை உடனே குழந்தையிடம் செய்துவிட முடியாது. மூத்த மருத்துவர்கள் கூடிப் பேசி, தாயிடம் விளக்கிச் சம்மதம் வாங்கி, அந்த மருந்தைச் சிறுகச் சிறுகத் தொடங்கினார்கள். சில வாரம் கழித்து, நெஞ்சு நிறைய ஒயர்களோடு வாயாடியை ஓடும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். அவசர சாமான்களெல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன. தாய் பார்க்கத் தைரியமில்லாமல் கதவுக்கு வெளியே நின்றாள். வேகம் ஏற ஏற அரை டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதோ வெற்றிடம் வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வரவில்லை. துடிப்பு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு துளி ரத்தத்துக்குள் இத்தனையும் இருந்ததா என்று அவள் மலைத்துப்போய் நின்றாள். இயந்திரத்தை நிறுத்தவேண்டும் என்பதே மறந்துவிட்டது.

வியர்வை வழிய வாயாடிதான் திரும்பிப் பார்த்தாள்.

“போதுமா டாக்டர், இன்னும் ஓடட்டுமா?”