ஒப்புக்குச் சப்பாணி ஊர்

பசியாவரத்துக் கலைவாணிக்கு யாரையும் திருப்பி அனுப்பத் தெரியாது. கோழியை விரட்டப் போனாலும் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டுத்தான் வருவாள். வாய் மட்டும் ஏரி நடுவே கிடந்த அந்தத் தீவைவிடப் பெரிது. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டு, மீன்பிடிக்கும் துளசிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அரசாங்கம் ஒரு மாலை வகுப்பைக் கொடுத்தது. அதுவரை 'துளசிங்கம் பொண்டாட்டி'யாக இருந்தவள் அன்றிலிருந்து 'டீச்சரம்மா' ஆனாள். அந்தப் பட்டம் அவளுக்கு உயிர்.

திட்டத்தை மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்த பிரதாப் சார், இங்கேயும் எதிர்க்கரைக் குப்பத்திலும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் திணறுவதை முதலில் குறித்துக்கொண்டார். படகில் ஏறும்போது விளக்கமும் சொன்னார்.

"இங்க மட்டும்தான் வகுப்பு நடக்கும். வருஷக் கடைசியில ரெண்டு ஊரையும் பார்ப்போம். இங்க முன்னேற்றம் தெரிஞ்சா வகுப்பு தொடரும், இல்லன்னா மூடிடுவாங்க. எதிர்க்கரை சும்மா ஒப்பீட்டுக்குத்தான்மா."

மோட்டார் இரைச்சலில் அவள் காதில் விழுந்தது, "ஒப்புக்குத்தான்மா."

ஒப்புக்கு என்றால் அவளுக்குத் தெரியாதா? ஓடிப்பிடித்து விளையாடும்போது அழுகிற பொடிசை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதில்லையா? ஆட்டத்தில் இருக்கும், கணக்கில் இருக்காது. ஆகவே, துளசிங்கத்தின் படகில் தொற்றிக்கொண்டு எதிர்க்கரைப் பிள்ளைகள் வந்து நின்றதும் அவள் யோசிக்கவே இல்லை.

"உள்ள வந்து குந்துங்கடா. நீங்கல்லாம் ஒப்புக்குச் சப்பாணி."

வருகைப் பதிவில் அவர்கள் பெயரை எழுதவில்லை. சட்டம் சட்டம்தானே!

வருஷம் முடிந்து பிரதாப் வந்தார். பசியாவரத்துப் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். எதிர்க்கரைப் பிள்ளைகளும் கடகடவென்று வாசித்தார்கள். அங்கே ஒரு சிறுமி வாசித்து முடித்து, இடுப்பில் கைவைத்து, "புரிஞ்சுதா கழுதைங்களா?" என்று கேட்டாள். அது யாருடைய குரல் என்று பாவம், அவருக்கு உறைக்கவில்லை.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "வகுப்பு நடந்த ஊரும் நடக்காத ஊரும் ஒண்ணாத்தான் இருக்கும்மா. வகுப்பால பலன் இல்லைன்னுதான் எழுதணும்."

கலைவாணிக்கு டீச்சரம்மா பட்டம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். தன் பாடத்தைப் பலன் இல்லை என்கிறாரே என்ற ஆத்திரம் மறுபக்கம். ஆத்திரம்தான் முந்தியது.

"அதெப்பிடி சார் பலன் இல்ல? அதுங்களும் என்னாண்டதான சார் படிச்சிதுங்க!"

"வாய மூடுமே," என்று துளசிங்கம் முணுமுணுத்தான். படகு அவனுடையது ஆயிற்றே.

"நீங்கதான சார் ஒப்புக்குனு சொன்னீங்க?"

"ஒப்பீட்டுக்குன்னு சொன்னேன்மா!"

"நடுவுல இருந்த எழுத்த காத்து அடிச்சினு பூடுச்சி சார்."

பிரதாப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நியாயமான மனிதர். நடந்ததை நடந்தபடியே எழுதினார். அரசாங்கமும் யோசித்து, இரண்டு ஊருக்கும் சேர்த்து இன்னும் ஒரு வருஷம் வகுப்பை நீட்டித்தது. ஒப்பீட்டுக்கு இந்த முறை தெற்குக் குப்பம்.

"எங்க, சொல்லுங்க. ஒப்-பீட்-டு," என்றார் பிரதாப். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். "அந்த ஊர்ப் பிள்ளை ஒண்ணு உள்ள வந்தாலும் எல்லாம் கெட்டுடும்மா." ஏரித் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

சில நாள்தான் போயிருக்கும். துளசிங்கத்தின் படகிலிருந்து தெற்குக் குப்பத்துப் பிள்ளைகள் சேற்றுக்காலோடு குதித்தார்கள்.

"யோவ், ஏன்யா இட்டாந்த?"

"நானா இட்டாந்தேன்? ஏறி குந்திக்குதுங்க, தண்ணில தள்ளவா சொல்ற?"

வாசலில் கையை விரித்து மறித்து நின்றாள். பட்டம், சத்தியம், பிரதாப் சாரின் முகம் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவள் கைக்குக் கீழே நின்ற வாண்டு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

"நாங்க ஒப்புக்குச் சப்பாணியா டீச்சரம்மா?"

விரித்த கை தானாக இறங்கியது. "யாருடா சொன்னது? உள்ள போய் பேரச் சொல்லுங்க, எழுதணும்," என்று அதட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், நான் கலைவாணி. தெற்குக் குப்பமும் கெட்டுப்போச்சு சார். வேற ஊரு பாருங்க. படகு போவாத ஊரா பாருங்க."