பாவையைச் சுருக்கும் சொட்டு

பிடித்த முகத்தைப் பார்த்தால் கண்ணின் பாவை தானாக விரியும் என்று, சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை டாக்டர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். பரிசோதனை அறையில் என்னோடு வேலை செய்பவர் மேல் எட்டு மாதமாக எனக்கு ஆசை. அவர் எங்கள் சாதி இல்லை. எங்கள் பக்கம் அதை நேரடியாகக் கேட்க மாட்டார்கள்; ஊரையும் வீட்டையும் விசாரிப்பார்கள். அப்படி விசாரிக்கப்பட்ட ஒரு பையனை விரும்பிய சித்தப்பா மகளைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

அந்த வாரமே அப்பா கண்புரை பார்க்க வருவதாகச் சொன்னார். சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருக்கிறார். துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு முன்னால் என் கண் எம்மாத்திரம்?

புத்தி கெட்டு ஒரு காரியம் செய்தேன். கண் அழுத்த நோயாளிகளுக்குப் பாவையைச் சுருக்கப் போடும் சொட்டை, அப்பா வருவதற்கு அரைமணி முன்பு என் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன். பாவை கடுகளவாகிவிட்டது. புருவத்துக்கு மேல் விண்விண்ணென்று வலி, அறையெல்லாம் மங்கல். இனி யாரைப் பார்த்தாலும் விரியாது என்ற தைரியத்தில்தான் அப்பாவை உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே அவர்தான் இருந்தார். என் அப்பாவுக்குப் பாவையை விரிய வைக்கும் சொட்டை விட்டார். "கொஞ்ச நேரத்துக்குக் கிட்ட இருக்கறது தெரியாதுங்க ஐயா, பயப்படாதீங்க."

தினமும் நானே பத்துப் பேருக்கு விடுகிற மருந்து. பயத்தில் அதைக்கூட மறந்திருக்கிறேன். அப்பாவுக்கு என் முகமே தெரியப் போவதில்லை. வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பரிசோதனை முடிந்து, வெளியே பஸ் நிறுத்தத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு, பன்னெண்டு தறியும் ஓடறப்ப எது நின்னுதுன்னு நான் கண்ண மூடிட்டே சொல்லுவேன், தெரியுமில்ல?"

"தெரியுங்கப்பா."

"வந்ததுல இருந்து விடாம பேசிட்டே இருந்தே. அந்தத் தம்பி வாயத் தொறந்தப்பவெல்லாம் உம் பேச்சு நின்னுபோச்சு."

சோமனூர் பஸ் வந்து நின்றது. அப்பா எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அந்தத் தம்பி எந்த ஊரு கண்ணு? யாரு ஊட்டுப் பையன்?"