காப்புக் கட்டிய நாவல் மரம்

ஊட்டிப் பக்கம் பிக்கட்டிக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் அந்த நாவல் மரம் தெரியும். முதலில் மரம், பிறகுதான் ஊர். முப்பது வீடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் பிற்பாடு வந்து அதன் காலடியில் ஒண்டிக்கொண்டவை போல இருக்கும். இந்தச் சரிவுக்குத் தேயிலை வருவதற்கு முன்பே அது அங்கே நின்றதாக ஊரில் சொல்வார்கள். நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன்; ஆதாரம் இல்லாத பேச்சை நம்புவது வழக்கமில்லை. மரத்தைப் பார்த்ததும் ஆதாரம் கேட்க மறந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஊட்டி காந்தலில் என் வீட்டில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்து வந்தேன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். சிலவற்றை நானே தூங்க வைத்திருக்கிறேன். ஒரு தை மாதம், அந்த ஊரிலிருந்து தேயிலை பறிக்கும் பெண் ஒருவர் வந்தார்.

"நாவ மரத்துக் கெளை ஒண்ணு எங்கூட்டுக் கூரை மேல சாஞ்சு நிக்குதுங்க சார். ஆனிக் காத்துல முறிஞ்சா நாங்க அஞ்சு பேரும் அதோட போயிருவோம். அந்த ஒரு கெளைய மட்டும் எடுக்கோணும். மரத்துக்கு ஒண்ணும் ஆகப்படாது."

"மனு எழுதினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றேன்.

மலையில் அனுமதியில்லாமல் மரத்தில் கைவைக்க முடியாது. அனுமதிக்குச் சுற்றளவு வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு மறுநாளே போனேன். ஐந்து மீட்டர் டேப் மரத்தை முக்கால் பங்கு கூடச் சுற்றவில்லை. அந்தப் பெண் இலை மூட்டை கட்டும் கயிற்றை அவிழ்த்து மிச்சத்தைச் சுற்றினார். அடிமரத்தின் பொந்தில் ஒரு ஆள் நிற்கலாம். மேலே பாசி, பாசிக்கு மேல் பூச்செடி, அதற்கும் மேல் தேன்கூடுகள். பறித்த இலையை நிறுப்பது அதன் அடியில். சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் அதன் அடியில். செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொன்னார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. கழற்றினேன்.

படிவத்தில் "மரங்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் உண்டு. கிளைக்குக் கட்டம் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் மனு திரும்பிவிடும் என்பதால் "ஒன்று" என்று எழுதினேன். கிளையைப் பற்றி இணைப்பில் ஒன்றரைப் பக்கம் விளக்கினேன். இணைப்பை யாரும் படிப்பதில்லை என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. இருந்தும் எழுதினேன்.

பங்குனியில் உத்தரவு வந்தது. "நாவல் மரம் ஒன்றை" வெட்டி அகற்ற அனுமதி. மரம் அரசு நிலமான நத்தம் புறம்போக்கில் நின்றதால் ஏலமும் முடிந்து, ஒரு மர வியாபாரி எடுத்திருந்தார். முப்பது நாளுக்குள் வெட்ட வேண்டும். தவறினால் உத்தரவு செல்லாது.

ஊரார் கூடியிருக்க, மரத்தடியில் நின்று அதை வாசித்தேன். திருத்த மனு போடலாம், ஆனால் மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னேன். அந்தப் பெண்தான் கேட்டார்: "கடைசி நாள் எதுங்க சார்? இன்னொருக்கா வாசிங்க." வாசித்தேன். "நாங்க பாத்துக்கறோம்" என்றார். என் வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தையை மக்களிடம் சொன்னவன் நான். அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வியாபாரி ஆட்களோடும் அறுக்கும் இயந்திரத்தோடும் வருகிறார் என்று தெரிந்து நானும் ஓடினேன். மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி. மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. சித்திரையில் வரவேண்டிய மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அன்று காலையிலேயே காப்புக் கட்டியிருந்தார்கள், கோயிலுக்கும் மரத்துக்கும் சேர்த்து.

"உத்தரவு கையில இருக்குது, வெட்டுங்கப்பா!" என்றார் வியாபாரி.

ஆட்களில் பெரியவர் இயந்திரத்தைக் கீழே வைத்தார். "காப்பு கட்டுன மரமுங்க. நீங்க வேணா வெட்டுங்க, நாங்க தள்ளி நின்னு பாக்கறோம்."

வியாபாரி மரத்தை அண்ணாந்து பார்த்தார். தன் கழுத்துத் தாயத்தைத் தொட்டுக்கொண்டார். "நோம்பி எப்ப முடியும்?"

"வழக்கமா எட்டு நாளுங்க" என்றார் அந்தப் பெண். "இந்த வருசம் ஆத்தா கொஞ்சம் கூட இருக்கோணும்னு ஆசப்படறா."

காப்புக் கட்டினால் ஊருக்கு நெறி உண்டு. கறி மீன் கிடையாது. வெளியூரில் இரவு தங்கக் கூடாது. எட்டு நாள் நெறியை முப்பது வீடும் கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்தன. ஊட்டியில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போன ஒருவர், விருந்தில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஏறி வந்தார். வியாபாரி இரண்டு முறை வந்து, மஞ்சள் துணி புதிதாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

முப்பத்தோராம் நாள் காலை நான் போனபோது காப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் சாய்ந்த கிளைக்கு மூன்று கற்பூரத் தைல மரத் தடிகளை முட்டுக் கொடுத்து, இரும்புப் பட்டை போட்டிருந்தார்கள். ஊரே சேர்ந்து செய்த வேலை. ஒரு பாலத்தையே தாங்கும்.

"இந்த யோசனை முதலிலேயே வரவில்லையா?" என்றேன்.

"வந்துச்சுங்க. நீங்கதான மனு எழுதுனா போதும்னீங்க" என்றார் அந்தப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னது ஒன்றுதான் ஆறுதல்.

செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். உத்தரவின் நகலை எடுத்து, ஓரத்தில் "காலாவதி" என்று எழுதித் தேதி போட்டேன். எத்தனையோ பேருடைய தாள்களில் எழுதி அவர்களைத் திருப்பி அனுப்பிய வார்த்தை. அன்றுதான் அதைச் சந்தோஷமாக எழுதினேன். அந்தப் பெண் நகலை வாங்கி, மஞ்சள் கயிற்றோடு சேர்த்து மடித்து, மரப் பொந்துக்குள் வைத்தார்.