பெரியம்மாவின் அடுப்பு

சமர்த்துப் பெண் என்று பேர் வாங்கத் துடித்த வயதில், ஒரு குடிசையையே பறிகொடுக்கப் பார்த்தேன். குடிசை என்னுடையது அல்ல, பெரியம்மாவுடையது.

எங்களுக்குத் தூரத்து உறவு அவள். பெரியப்பா பண்ணையாரிடம் கூலி உயர்த்திக் கேட்டவர். அவர் செத்த மாதமே, குடிசை நின்ற தோப்பு தன்னுடையது என்று பண்ணையார் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு பெரியம்மா வைக்கோல் போர் ஓரம், மதகடி, பள்ளிக்கூடத் தாழ்வாரம் என்று கிடைத்த இடத்தில் படுத்தாள். யாராவது விரட்டினால் வாய் பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொள்வாள்.

விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும், என் அத்தை கச்சை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஊரில் நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். வயலை விட்டுக் கரையேறிய கையோடு, அத்தனை பேரும் மூங்கிலும் கீற்றுமாகத் தோப்புக்குப் போய் அதே இடத்தில் குடிசையை நிறுத்தினார்கள். பண்ணை ஆட்கள் இரண்டு முறை பிரித்தார்கள். அத்தை மூன்றாம் முறையும் கட்டினாள்.

"நீங்க பிரிங்க, நாங்க கட்டுறோம். யாருக்குக் கை வலிக்குதுன்னு பாப்போம்" என்றாள். அதன் பிறகு அவர்கள் வரவில்லை.

பெரியம்மாவைக் குடியேற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று மாதமாக அங்கேயே சமைத்தாள், படுத்தாள். மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. யார் வீடு என்று கேட்டால், அத்தை கட்டின வீடு என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தைக்கு எரிச்சலாக வரும்.

அவள் அங்கேதான் குடியிருக்கிறாளா என்று தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருகிற அன்று காலை, பெரியம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். அதிகாரி வருகிற வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? யாரும் சொல்லாமலே நான் அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினேன். கரிச்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அடுப்பையும் தரையையும் சாணத்தால் மெழுகினேன். பொங்கல் வீடு மாதிரி ஆகிவிட்டது.

அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். கூட வந்த பண்ணைக் கணக்குப்பிள்ளை, அடுப்பில் ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை, மூட்டையும் கட்டினபடியே இருக்கிறது, இது நேற்று ஜோடித்த வீடு என்றார். அதிகாரி பேனாவை மூடினார்.

ஈரப்புடவையோடு வந்த பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே அடுப்பைத்தான் பார்த்தாள்.

"எவடி என் அடுப்புல கைய வச்சது? நெருப்பு பொத்தி வச்சிருந்தேன்ல? என் வீட்டுல வந்து அள்ளிக் கொட்ட நீ யாருடி?"

காதைத் திருகியபடி, எங்கே கொட்டினாய் காட்டு என்று என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். குப்பைக்குழியில் நான் கொட்டின சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்கடியில் மூன்று மாதத்துச் சாம்பல் மேடாகக் கிடந்தது. பின்னாலேயே வந்த அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, பெரியம்மாவின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் காது வலியில் அழுதேன். என்னை விடுவிக்க வராமல் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. திட்டு வாங்கினது நான், இவள் ஏன் அழுகிறாள் என்று கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அத்தை, பெரியம்மா என்ன சொல்லித் திட்டினாள், இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும், "என் வீட்டுல வந்து அள்ளிக் கொட்ட நீ யாருடி" என்று சொல்லிவிட்டு அழுதேன்.